ஊரில் வீடு கட்டுமுன் காணியோடு பேசுங்கள்

கொச்சிக்கடையில் முப்பது வருடங்களாக ஹாட்வெயார் கடை நடத்துபவன் என்ற வகையில், கொழும்பில் உழைத்த பணத்தை நம்மவர்கள் எதில் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வியாபாரம் நிலைத்ததும் முதலில் ஒரு வாகனம், அடுத்தது ஊரில் ஒரு வீடு. பேருவளை, தர்கா நகர், மாவனல்லை, அக்குறணை, புத்தளம் என்று ஊர் மாறினாலும் சாமான் பட்டியல் மாறுவதில்லை. சீமெந்து, கம்பி, அலுமினியம், கண்ணாடி, டைல்ஸ். நானும் சந்தோஷமாக பில் போடுகிறேன்.

அப்படி என்னிடம் சாமான் எடுத்த ஒரு ஹாஜியார், அளுத்கமைக்கு உள்ளே தமது உம்மாவின் காணியில் இரண்டு மாடி வீடு கட்டினார். பழைய கபொக் கல் வீட்டை உடைத்தார். அனுமதி எடுத்து இரண்டு பலா மரங்களைத் தறித்தார். முற்றம் முழுவதும் கல் பதித்தார். மேலே ஸ்லெப், திறக்க முடியாத பெரிய கண்ணாடி ஜன்னல்கள், அறைக்கு அறை ஏசி.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது அந்த வீட்டார் எங்கே படுத்தார்கள் தெரியுமா? உடைக்காமல் விட்டிருந்த பழைய குசினியின் விறாந்தையில்! "நானா, இவ்வளவு பணத்தையும் கொட்டி ஒரு அடுப்பைக் கட்டி வைத்திருக்கிறேன்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அடுப்புக்குச் சாமான் விற்றவன் நான்தான்.

பக்கத்திலேயே இருந்த பாடம்

வேடிக்கை என்னவென்றால், உலகெங்கும் இருந்து கட்டடக் கலைஞர்கள் வந்து பார்க்கும் ஒரு இடம் அந்த ஹாஜியாரின் காணியிலிருந்து சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில் உள்ள லுணுகங்கைத் தோட்டம்தான் அது. 1948 இல் அந்தப் பழைய இறப்பர் தோட்டத்தை வாங்கியவர் ஜெப்ரி பாவா. தந்தை வழியில் முஸ்லிம் பரம்பரையைச் சேர்ந்தவர். சட்டம் படித்திருந்த அவர், அந்தத் தோட்டத்தைத் திருத்தும் ஆசையால் மீண்டும் மாணவராகி, 38 ஆவது வயதில், 1957 இல் கட்டடக் கலைஞரானார். 2001 இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருதுக் குழு அவருக்கு விசேட விருது வழங்கியது. 2003 இல் காலமானார்.

அவரது வேலைகளில் நமக்குப் பொருத்தமானது நிக்கவெரட்டியப் பக்கம், பொலொன்தலாவைத் தோட்டத்தில் 1960 களின் நடுப்பகுதியில் எழுந்த பங்களா. டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னரும் அவரும் சேர்ந்து செய்தது. வீட்டுக்கென்று காட்டப்பட்ட இடத்தை விட்டுவிட்டு, பெரும் பாறைகள் கிடந்த இடத்தை அவர்கள் தெரிவு செய்தார்கள். தடியும் கயிறும் கொண்டு நிலத்திலேயே அளவு போட்டார்கள். பாறைகளை உடைக்கவில்லை. பாறைகளின் மேலேயே உத்தரத்தைத் தாங்க வைத்து, அதன் மேல் ஓட்டுக் கூரையை இறக்கினார்கள். வெடி வைத்து அகற்ற வேண்டியதாக நாம் நினைக்கும் பாறை, அங்கே சுவராகவும் தூணாகவும் நிற்கிறது.

"அதெல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்று சிலர் சொல்லலாம். பாவாவிடம் வேலை கொடுத்தவர்கள் வசதியானவர்கள்தான். ஆனால் அவர் கையாண்ட வழிகள் நமது உம்மாமாரின் வீடுகளில் முன்பே இருந்தவை. காலிக் கோட்டைக்குள் பழைய வீடுகளைப் பாருங்கள். முன்னால் விறாந்தை, நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று முற்றத்தால் மேலே போக, தெருப் பக்கத்தால் புதுக் காற்று உள்ளே வரும். வீட்டுப் பெண்களுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கும், மறைவும் கெடாது. மதிலை உயர்த்தி, ஜன்னலுக்குத் திரை போட்டு, பகலிலும் லைட் எரிக்கும் நமது புது வீடுகளில் இந்த வசதி உண்டா?

கணக்குப் பார்ப்போம்

வியாபாரிகளுக்குக் கணக்குத்தானே முக்கியம். வீட்டுக்கு இரண்டு விலை உண்டு. கட்டும்போது ஒரு தடவை கொடுப்பது ஒன்று. குடியிருக்கும் காலம் முழுவதும் மாதாமாதம் கொடுப்பது மற்றொன்று. முதலாவதற்குப் பேரம் பேசும் நாம் இரண்டாவதை மறந்து விடுகிறோம். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தபோதுதான் பலருக்கு அது உறைத்தது. பின்னர் குறைப்புகள் வந்தன. என்றாலும் மூடிய வீட்டின் பில் மூடிய வீட்டின் பில்தான்.

ஆகவே மேசன் பாஸுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் காணியில் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள். மழை நாளிலும் ஒரு தடவை போங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, மாலை வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நமது நாட்டில் கிழக்கு, மேற்குச் சுவர்கள்தான் அதிகம் சூடேறும். நீண்ட பக்கங்களை வடக்கு, தெற்காக வையுங்கள். மேற்கில் மரம் நின்றால் அதைத் தறிக்க வேண்டாம். அது மின்சாரம் கேட்காத ஏசி. கூரையின் தாழ்வாரத்தை நன்றாக வெளியே நீட்டுங்கள். மழையிலும் ஜன்னலைத் திறந்து வைக்கலாம்.

கூரைக்கு பாவா ஒரு வழி காட்டினார். நெளிந்த சீமெந்துத் தகட்டின் மேல் அரைவட்ட நாட்டு ஓட்டைப் பதிப்பது. தகடு ஒழுக்கைத் தடுக்கும், ஓடு சூட்டைத் தடுக்கும். அன்று போட்டது அஸ்பெஸ்டஸ். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் இன்று அஸ்பெஸ்டஸ் கலக்காத தகட்டையே கேட்டு வாங்குங்கள்.

காணியும் சட்டமும்

வயலை நிரப்பி வீடு கட்ட நினைப்பவர்கள் நின்று யோசிக்க வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். அனுமதியை விடப் பெரியது தண்ணீர். நாம் மறித்த தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். 2017 மே மாதம் களுத்துறை மாவட்டம் பட்ட பாடு நினைவிருக்கும். மலைப்பக்கத்தவர்கள் சரிவை வெட்டித் தட்டையாக்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள். 2016 மே 17 இல் அரநாயக்கவில் மண் சரிந்து வீடுகளும் உயிர்களும் புதைந்ததை மறக்க முடியாது. சரிவோடு படிப்படியாக இறங்கும் வீடு அழகு மட்டுமல்ல, பாதுகாப்பும்தான்.

இப்படி எழுதினால் எனது கடையில் சீமெந்தும் கண்ணாடியும் குறைவாகத்தான் போகும். பரவாயில்லை. ஓடு, மரச்சட்டம், ஜன்னல் கொக்கி, பீலி இவையும் வியாபாரம்தானே. நமது ஹாட்வெயார் சகோதரர்களும் வாடிக்கையாளரிடம் "எத்தனை பேக் சீமெந்து?" என்று கேட்குமுன், "காணியில் என்ன மரம் நிற்கிறது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அந்த ஹாஜியார் இப்போது மேல்மாடிக் கண்ணாடிகளைக் கழற்றித் திறக்கும் ஜன்னல் போடுகிறார். முற்றத்துக் கல்லில் பாதியைப் பெயர்த்து ஒரு பலாக் கன்று நட்டிருக்கிறார். அது நிழல் தர இன்னும் பல வருடங்கள் செல்லும். தறிக்க அரை நாள்தான் எடுத்தது.