முழங்காலுக்கு ரோபோ, வலிக்கு யார்?

"ரோபோ வச்சு ஆபரேஷன் பண்ணினா வலியே தெரியாதாமே!" மூட்டு வலிக்காரர் உள்ள வீடுகளில் இப்போது இதே பேச்சுதான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துச் சகோதரிகளுக்கு ரோபோ புதிதல்ல. அங்குள்ள கார் தொழிற்சாலைகளில் தகடுகளைப் பற்றவைப்பது ரோபோ கைகள்தானே! அதே இனம்தான் ஆஸ்பத்திரிக்கும் வந்தது. 1985-ல் அமெரிக்காவில் 'பூமா' என்ற தொழிற்சாலை ரோபோவின் உதவியோடு மூளையில் ஊசி செலுத்தினார்கள். 1992-ல் 'ரோபோடாக்' என்ற யந்திரம் இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்கு வந்தது.

ரோபோ தானாக ஆபரேஷன் செய்துவிடும் என்று பயப்பட வேண்டாம். இன்றைய முழங்கால் ரோபோக்கள் பெரும்பாலும் டாக்டர் கையோடு சேர்ந்தே இயங்குகின்றன. குறித்த அளவைத் தாண்டாமல் எலும்பை வெட்ட உதவுகின்றன. சுற்றியுள்ள தசைநார்களுக்குச் சேதம் குறைவதால், முதல் சில நாள் வலி குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் 10 வருஷம் கழித்து? ரோபோடாக் உதவியோடும், வழக்கமான முறையிலும் முழங்கால் மாற்றிக்கொண்டவர்களை ஒப்பிட்டு, 2020-ல் தென்கொரிய டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, ரோபோவுக்காக நகையை அடகு வைக்குமுன் டாக்டரிடம், "எங்க அம்மாவுக்கு இது அவசியமா? கூடுதல் செலவு எவ்வளவு?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

எந்த முறையானாலும் வலி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதை அடக்குவது மருந்தும், மரத்துப்போகச் செய்யும் ஊசியும், வீட்டுப் பராமரிப்பும்தான்.

* வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்தில் கொடுங்கள். வலி முற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள்.
* ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிஷம் ஒத்தடம் கொடுங்கள். தையல் நனையக் கூடாது.
* முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம். கால் மடங்கியபடியே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் வைக்கலாம்.
* பாதத்தை அடிக்கடி மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். "வலிக்குதே"ன்னு படுத்தே கிடந்தால் மூட்டு பிடித்துக்கொள்ளும்.

கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், காய்ச்சல், தையலில் சீழ் இவை கண்டால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் ஆபரேஷன் தேதியைக் குறிக்கும்போதே, முதல் இரண்டு வாரம் பகலில் யார், ராத்திரியில் யார் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். கைகொடுத்து நடத்திச் செல்ல எந்த ரோபோவும் வீட்டுக்கு வராது!