வேகம் குறையாமல் கெர்னலைக் கண்காணிப்பது எப்படி?

"எந்த புரோகிராமையும் திறக்கவில்லை, ஆனாலும் ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. இதற்கான விடை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் உள்ளது. பைல்களைப் படிப்பதும், மெமரியைப் பங்கிட்டுத் தருவதும் இதன் வேலைகள். இவற்றை நடக்கும்போதே பதிவு செய்து பார்ப்பதற்கு டிரேசிங் என்று பெயர்.

சிக்கல் எங்கே?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் உள்ள தொழிற்சாலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். டெல் நிறுவனம் 2007ல் தன் கம்ப்யூட்டர் தொழிற்சாலையைத் தொடங்கியதும் ஸ்ரீபெரும்புதூரில்தான். அங்கு கன்வேயரில் வரும் ஒவ்வொரு பொருளையும் அடிக்கு அடி நிறுத்தி நோட்டில் எழுதினால் உற்பத்தி படுத்துவிடும். கெர்னலும் அப்படித்தான். எல்லா இடத்திலும் "எழுதி வை" என்று கட்டளை சேர்த்தால் சிஸ்டம் மந்தமாகும். வேகம் மாறுவதால், நாம் தேடும் பிழையே தலைகாட்டாமல் போகலாம். ஓடிக்கொண்டிருக்கும் வங்கி சர்வரை இதற்காக நிறுத்தவும் முடியாது.

தீர்வு என்ன?

2004ல் வெளியான லினக்ஸ் கெர்னல் 2.6.9ல் கேபுரோப்ஸ் என்ற வசதி சேர்க்கப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெங்களூரு பொறியாளர்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. இது செயல்படும் விதம்:

1. நாம் குறிப்பிடும் இடத்தில் உள்ள கட்டளை நகல் எடுத்து வைக்கப்படும்.

2. அதன் தொடக்கத்தில் "நில்" என்னும் பிரேக் பாயிண்ட் வைக்கப்படும். இன்டெல், ஏ.எம்.டி. சிப்களில் இது ஒரே ஒரு பைட்.

3. பிராசசர் அங்கு வந்ததும் நமக்கு வேண்டிய தகவல் பதிவாகும். பின் நகல் கட்டளை இயங்கி, வேலை தொடரும்.

4. கண்காணிப்பு முடிந்ததும் பழைய கட்டளை திரும்ப வைக்கப்படும்.

கெர்னலை நிறுத்தாமலே இவ்வளவும் நடக்கிறது. பயன்படுத்தாத நேரத்தில் செலவு எதுவும் இல்லை. பயன்படுத்தும்போதும், குறிப்பிட்ட இடத்தில் மட்டுமே சிறிது நேரம் செலவாகும்.

2008ல் லினக்ஸில் வந்த எப்டிரேஸ் இன்னொரு வழியைக் கையாள்கிறது. கெர்னல் பங்ஷன்களின் தொடக்கத்தில் எதையும் செய்யாத வெற்றுக் கட்டளை இருக்கும். தேவைப்படும்போது மட்டும் அது பதிவு செய்யும் கட்டளையாக மாற்றப்படும்.

உங்கள் கம்ப்யூட்டரில்

விண்டோஸ் 2000 முதலே விண்டோஸ் சிஸ்டத்திலும் இது போன்ற டிரேசிங் வசதி உள்ளது. விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்கள் விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, கிடைக்கும் கட்டத்தில் ரெஸ்மான் என்பதற்கான ஆறு ஆங்கில எழுத்துக்களை (ஆர், இ, எஸ், எம், ஓ, என்) டைப் செய்து என்டர் தட்டவும். ரிசோர்ஸ் மானிட்டர் திறக்கும். இதில் டிஸ்க் டேப்பில் கிளிக் செய்தால், எந்த புரோகிராம் எந்த பைலைப் படிக்கிறது என்று பார்க்கலாம். அது ஆன்டிவைரஸ் அல்லது விண்டோஸ் அப்டேட் எனில் நிறுத்த வேண்டாம். வேலை முடியும் வரை பொறுத்திருங்கள். பெயரே தெரியாத புரோகிராம் எனில், அது என்னவென்று அறிந்த பின் நடவடிக்கை எடுக்கவும்.