எதிர் வீட்டுக் கதவு



சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் கொலை செய்யப்பட்டார். ஊரும் பெயரும் இங்கே வேண்டாம். அந்தக் குடும்பம் இன்னும் நம்மிடையே வாழ்கிறது. அடக்கம் முடிந்த பிறகு, மூன்றாம் நாள், உபதேசியாரை அழைத்துக்கொண்டு செபிக்கச் சென்றோம். படியேறும்போது ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் அடைத்திருந்தன. உள்ளே தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் நெருங்கியதும் அதுவும் அடங்கிவிட்டது. செபம் முடித்து வெளியே வந்தபோது எதிர் வீட்டுக் கதவின் சிறு கண்ணாடித் துளையில் நிழல் அசைந்தது. யாரோ உள்ளே நின்று பார்க்கிறார்கள் என்று தெரிந்தும், அந்தக் கதவைத் தட்டாமல் இறங்கி வந்துவிட்டோம்.

பல மாதங்கள் கழித்து, அந்த வீட்டு அம்மா ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்தார். "சாமி, அன்னைக்கு எங்க கதவையும் தட்டுவீங்கன்னு பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தேன்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நம்மாலும் பதில் சொல்ல முடியவில்லை.

அன்பார்ந்தவர்களே, ஒரு கொலை நடந்தால், கொல்லப்பட்டவரின் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறோம். அது நம் கடமை. ஆனால் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு என்ன நேர்கிறது? இன்று அதைத்தான் சிந்திக்கப் போகிறோம்.

முதலில் வருவது அச்சம். நேற்று வரை பாதுகாப்பாக இருந்த அதே படிக்கட்டில் இன்று தனியாக ஏற முடியவில்லை. இரவில் ஒரு பாத்திரம் விழுந்தாலும் நெஞ்சு படபடக்கிறது. பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகக்கூடத் துணை கேட்கிறார்கள். அடுத்து வருவது சந்தேகம். பால் போடுபவர், வாட்ச்மேன், வாடகைக்கு வந்த வெளியூர் இளைஞர் என்று ஒவ்வொருவர் மேலும் கண் போகிறது. கடைசியாக வருவது வெளியில் சொல்ல முடியாத ஒன்று. "அன்று ஏதோ சத்தம் கேட்டதே, எழுந்து போயிருக்கலாமே" என்ற உறுத்தல். அச்சத்தையும் சந்தேகத்தையும் பேசித் தீர்ப்பவர்கள்கூட, இந்த உறுத்தலை மட்டும் உள்ளேயே பூட்டி வைக்கிறார்கள்.

2019 மே மாதம் நம் திண்டிவனம் காவேரிப்பாக்கத்தில் ஒரே வீட்டில் மூவர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஏ.சி. வெடித்து இறந்தார்கள் என்றுதான் முதலில் செய்தி வந்தது. சில நாள்களில் காவல்துறை அதைக் கொலை வழக்காக விசாரிக்கத் தொடங்கியது. விபத்து என்று நினைத்துக் கண்ணீர் விட்டவர்கள், கொலை என்று கேட்டதும் தம் வீட்டுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார்கள். இறந்தவர்கள் அதே மூவர்தாம். ஆனால் விபத்து நம்மை அடுத்த வீட்டை நோக்கி ஓட வைக்கிறது. கொலை நம்மை நம் வீட்டுக்குள் ஓட வைக்கிறது.

இந்த நிலையைப் பற்றி மறைநூல் பேசுகிறதா? பேசுகிறது. இணைச்சட்ட நூல் 21-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் திறந்து பாருங்கள். வயல்வெளியில் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். கொன்றவர் யார் என்று தெரியவில்லை. அப்போது முதியோரும் நீதித் தலைவர்களும் வந்து, உடல் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்கள் எவ்வளவு தொலைவு என்று அளக்க வேண்டும். எந்த ஊர் மிக அருகில் இருக்கிறதோ, அந்த ஊர்ப் பெரியவர்கள் நுகம் சுமக்காத ஓர் இளம் பசுவை, நீர் ஓடும் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அதன் கழுத்தை முறித்து, அதன்மேல் தம் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தை நாங்கள் சிந்தவில்லை, சிந்தியதைக் காணவும் இல்லை என்று அறிக்கையிட்டு, மக்களுக்காக மன்னிப்பு மன்றாட வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த அளவெடுத்தல். கொன்றவர்கள் என்று அந்த ஊர்மீது யாரும் குற்றம் சுமத்தவில்லை. ஆனாலும் நீங்கள் அருகில் இருக்கிறீர்கள், ஆகவே வந்து நில்லுங்கள் என்கிறது சட்டம். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் செய்தவரைச் சேரும். பொறுப்போ, அருகில் இருப்பவரைச் சேரும். யூத அறிஞர்கள் தொகுத்த மிஷ்னா நூல் இதற்கு ஓர் அருமையான விளக்கம் தருகிறது. அந்தப் பெரியவர்கள் கொலைகாரர்கள் என்று யாராவது நினைப்போமா? பின் ஏன் இந்த அறிக்கை? அந்த மனிதர் நம் ஊருக்கு வந்தபோது உணவின்றி அனுப்பினோமா, வழித்துணையின்றி அனுப்பினோமா என்று அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதற்காகத்தான் என்கிறது அந்த விளக்கம்.

பிலாத்தும் கை கழுவினார். உடல் கிடந்த இடத்துக்கு இறங்கி வந்து கழுவியவர்கள் அந்த முதியவர்கள். கண்ணெதிரே நின்ற மனிதரிடமிருந்து விலகிப் போகக் கழுவியவர் பிலாத்து. தண்ணீர் ஒன்றுதான், நின்ற இடம் வேறு.

அண்மைக் காலத்திலிருந்து ஒரு நிகழ்ச்சி. 1964 மார்ச் 13, அதிகாலை மூன்று மணியளவில், நியூயார்க் நகரின் கியூ கார்டன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண், வேலை முடிந்து தம் குடியிருப்புக்குத் திரும்பும்போது கத்தியால் குத்தப்பட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு பெரிய நாளிதழ், 38 பேர் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று எழுதியது. உலகமே அந்த அண்டை வீட்டாரைக் கல்நெஞ்சர்கள் என்றது.

உண்மை அவ்வளவு எளிதாக இல்லை என்று பின்னாளில் தெரிய வந்தது. முழுவதையும் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பலருக்குக் கேட்டது தூக்கத்தில் ஒரு கூச்சல் மட்டுமே. ஒருவர் சன்னலிலிருந்து சத்தம் போட்டு அந்த ஆளைத் துரத்தினார். அவன் ஓடிப்போய்த் திரும்பி வந்தான். ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பயந்து மூடிக்கொண்டார். ஆனால் சோஃபியா ஃபரார் என்ற அண்டை வீட்டுப் பெண், கொலைகாரன் அங்கேயே இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் படியிறங்கி ஓடி, இரத்தத்தில் கிடந்த கிட்டியைத் தம் கைகளில் ஏந்திக்கொண்டார். அந்த நாளிதழ்க் கட்டுரையில் இது இடம்பெறவில்லை. கதவை மூடிய ஒருவரின் கதையை உலகம் ஐம்பது ஆண்டுகள் பேசியது. கதவைத் திறந்து ஓடியவரின் கதை அதுவரை மறைந்தே கிடந்தது.

இந்தக் கொலைக்குப் பிறகு லத்தானே, டார்லி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 1968-இல் வெளியிட்டார்கள். ஒருவர் வலிப்பு வந்து துடிக்கும் சத்தத்தை மாணவர்களைக் கேட்க வைத்தார்கள். தனக்கு மட்டுமே கேட்கிறது என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர், சத்தம் அடங்குமுன் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேருக்குக் கேட்கிறது என்று நினைத்தவர்களில் எழுந்தவர்கள் 31 விழுக்காடு. எழாதவர்களும் கல்நெஞ்சர்கள் அல்லர். அவர்களில் பலர் கை நடுங்கத் தவித்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாராவது போயிருப்பார்கள் என்ற எண்ணம்தான் காலைக் கட்டிப்போட்டது. 2016 ஜூன் 24 காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டப்பட்டபோதும் அவர் தனியாக நிற்கவில்லை. நடைமேடையில் மக்கள் இருந்தார்கள்.

அன்பார்ந்தவர்களே, அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கதவைத் தட்டுங்கள். துயர வீட்டுக் கதவை மட்டுமல்ல. எதிர் வீடு, மேல் வீடு, கீழ் வீடு எல்லாவற்றையும். அன்பியக் கூட்டத்தை அந்த வாரம் அந்தக் குடியிருப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்து, இஸ்லாமிய அண்டை வீட்டாரையும் அழையுங்கள். மெழுகுதிரி ஏற்றி, இறந்தவரின் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். பெயர் சொல்லாத வீட்டில்தான் பேய்க்கதை பிறக்கிறது.

இரண்டாவது, நாவைக் காத்துக்கொள்ளுங்கள். "அவங்க நடத்தை சரியில்லை, அதான்" என்று பேசுவது, நமக்கு அப்படி நேராது என்று நாமே சொல்லிக்கொள்ளும் பொய். அதற்கு விலை கொடுப்பவர்கள் இறந்தவரின் பிள்ளைகள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, பிள்ளைகளிடம் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். "ஒண்ணும் நடக்கல, போய்ப் படி" என்றால் பிள்ளை பயத்தைத் தனியாகச் சுமக்கும். உறக்கமின்மையும் திடுக்கிடலும் தொடக்கத்தில் யாருக்கும் வரக்கூடியவை. ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

நான்காவது, கண்டதையும் கேட்டதையும் காவல்துறையிடம் சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும், 60 வயதைக் கடந்த முதியவர்களையும் சாட்சி விசாரணைக்குக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். மிரட்டல் இருந்தால் பாதுகாப்புக் கேட்கவும் வழி உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, அதை நாடெங்கும் நடைமுறைப்படுத்தச் சொன்னது.

ஐந்தாவது, இதுவே மிகக் கடினம். கொன்றவருக்கும் ஒரு தாய் இருப்பார். அவர் அதே தெருவில் குடியிருக்கலாம். புனித மரிய கொரற்றியை நினைத்துப் பாருங்கள். 1902 ஜூலையில் அந்தப் பதினோரு வயதுச் சிறுமியைக் குத்தியவன் வழிப்போக்கன் அல்ல. அதே கட்டடத்தில் அவர்களோடு குடியிருந்த குடும்பத்தின் மகன் அலெக்சாந்தர். 27 ஆண்டுச் சிறைக்குப் பின் வெளியே வந்து, சிறுமியின் தாய் அசுந்தாவின் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டான். அந்தத் தாய் மன்னித்தார். இருவரும் ஒரே திருப்பலியில் நற்கருணை உட்கொண்டார்கள். அந்த மன்னிப்பு வர ஆண்டுகள் ஆயின. ஆகவே துயர வீட்டில் போய் முதல் வாரமே "மன்னித்துவிடுங்கள்" என்று உபதேசம் செய்யாதீர்கள். ஆனால் கொன்றவரின் தாயைக் கடைத்தெருவில் கண்டால் முகம் திருப்பாமல் இருக்க நம்மால் இன்றே முடியும்.

"உன் தம்பி எங்கே?" என்று ஆண்டவர் காயினிடம் கேட்டார். தம்பிக்கு நான் என்ன காவலாளியா என்ற பொருளில் அவன் திருப்பிக் கேட்டான். கொன்ற கையைப் பற்றி எதுவும் சொல்லாமல், காவல் என் வேலை இல்லை என்று ஒதுங்கப் பார்த்தான். கொலை செய்யாத நாமும் அதே பதிலைச் சொல்ல முடியும் என்பதுதான் நமக்குள்ள ஆபத்து.

அந்த அம்மாவின் கதவை நாம் தட்டியபோது ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. உள்ளே அழைத்து உட்கார வைத்தார், காப்பி கொடுத்தார், பிறகு அந்த இரவில் தாம் கேட்ட சத்தத்தைப் பற்றி முதன்முறையாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்துபோய், எதிர் வீட்டுக் கதவைத் தாமே தட்டினார்.

இறைவா, எங்கள் அருகில் யார் இருக்கிறார்கள் என்று அளந்து பார்க்க எங்களுக்குக் கண்களைத் தாரும். அஞ்சி அடைத்த கதவுகளின் ஊடாக வந்து சீடர் நடுவே நின்ற உம் திருமகன், எங்கள் வீடுகளிலும் வந்து நிற்பாராக. ஆமென்.