மஸ்டாங்கா, செலஞ்சரா? மகன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சகோதரிகளே! டுபாயிலோ தோஹாவிலோ தொழில் செய்யும் உங்கள் மகன் ஒருநாள் இரண்டு கார்களின் படங்களை அனுப்பி, "உம்மா, எதை வாங்கட்டும்?" என்று கேட்கக்கூடும். நம் வீதிகளில் அருமையாகவே காணும் இந்த அமெரிக்க ரகங்கள் வளைகுடாவில் சாதாரணமாக ஓடுகின்றன. "உனக்குப் பிடித்ததை எடு மகன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்புவது எளிது. ஆனால் நாளை அந்தக் காரில் உங்கள் மருமகளும் பேரப்பிள்ளையும் ஏறப்போகிறார்கள்.

ஒன்று போர்ட் கம்பனியின் மஸ்டாங். 1964இல் அமெரிக்காவின் டியர்போர்ன் நகரில் பிறந்தது. (அந்தத் தொழிற்சாலைக்கு வேலை தேடி வந்த அரபு முஸ்லிம்கள் அருகிலேயே பள்ளிவாசலும் கட்டிக்கொண்டார்கள்.) மற்றது டொட்ஜ் செலஞ்சர். நம் ஊர்ச் சிறிய காரொன்றுக்கு 100 குதிரைவலுவே தாராளம். 2018இன் மஸ்டாங் ஜீ.டீ.க்கு 460. செலஞ்சரின் 'ஹெல்காட்' ரகம் 2015இல் 707 குதிரைவலுவோடு வந்தது. "வீண்விரயமல்லவா?" என்பீர்கள். எனக்கும் அதே எண்ணந்தான். ஆனால் சம்பாதிக்கும் பிள்ளையின் ஆசையை முகத்திலடித்தாற்போல் மறுத்தால், அடுத்தமுறை கேட்காமலே வாங்கிவிடுவான்.

ஆகவே வேகத்தைப் பற்றிப் பேசாதீர்கள், ஆசனத்தைப் பற்றிக் கேளுங்கள். இரண்டுக்கும் இரண்டே கதவுகள். குழந்தையைப் பின்னால் இருத்த முன் ஆசனத்தை மடித்துக் குனிய வேண்டும். செலஞ்சரில் ஐவர் அமரலாம், டிக்கியும் பெரிது. மஸ்டாங்கில் நால்வர்தான், அதிலும் பின்னாலிருப்பவர் முழங்காலை ஒடுக்கவேண்டும். இதைக் கேட்டதும் செலஞ்சரே நல்லதென்று தோன்றும். அவசரப்படாதீர்கள்.

2016இல் அமெரிக்கக் காப்புறுதித் துறையின் பாதுகாப்பு நிறுவகம் இவற்றை மோதிப் பார்த்தது. சாரதிப் பக்க முன் மூலை மட்டும் மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் தடுப்பில் மோதியபோது, செலஞ்சரில் இருந்த பொம்மையின் இடது பாதம் நசுங்கிய தகட்டுக்குள் சிக்கிக்கொண்டது. காலைக் கழற்றித்தான் பொம்மையை வெளியே எடுத்தார்கள். மஸ்டாங்கின் சாரதி அதைவிடப் பத்திரமாக இருந்தார். ஆனால் 2017 ஜனவரியில் ஐரோப்பியச் சோதனையில் மஸ்டாங்குக்கு 5க்கு 2 நட்சத்திரங்களே கிடைத்தன. பின் ஆசனத்தில் இருந்த பொம்மை பட்டிக்கு அடியால் வழுக்கிச் சென்றது. திருத்திய மாதிரி அதே ஆண்டில் 3 நட்சத்திரம் பெற்றது.

தனி ஆளாக ஓட்டுபவன் என்றால் மஸ்டாங் என்பேன். பிள்ளை பெற்றவன் என்றால் இரண்டையும் விட்டு நாலு கதவுக் காரொன்றைப் பார்க்கட்டும்.

இனி பணம். அமெரிக்க அரசின் கணக்குப்படி நகருக்குள் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஹெல்காட் 5½ கிலோமீற்றர்தான் ஓடும். மஸ்டாங் 6 கிலோமீற்றருக்குச் சற்று மேல். வங்கி மூலம் வாங்குவதென்றால் வட்டிக் கடனா, முறாபஹாவா என்று கேளுங்கள். முறாபஹாவில் வங்கி காரைத் தானே வாங்கி, இலாபத்தைச் சொல்லித் தவணைக்கு விற்கும். ஹலாலான வழி என்பதற்காகத் தவணை சிறுத்துவிடாது. வீட்டுக்கு வரும் காசில்தான் அது வெட்டும்.

செலஞ்சரின் உற்பத்தி 2023 டிசம்பரில் நின்றுவிட்டது. இனிக் கிடைப்பவை பெரும்பாலும் பாவித்தவைதான். அமெரிக்காவில் விபத்தில் நொறுங்கி, ஏலத்தில் போய், வளைகுடாவில் பூச்சடித்து விற்கப்படுபவையும் அவற்றுள் உண்டு. ஆகவே காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு அதன் பழைய வரலாற்றை எடுத்துப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாமென்று சொல்லுங்கள்.

எத்தனை சொல்லியும் மனம் ஹெல்காட்டில்தான் நிற்கிறதென்றால், அதற்கு இரண்டு திறப்புகள் உண்டு. சிவப்புத் திறப்பு போட்டால் முழு வலுவும் கிடைக்கும். கறுப்பு 500 குதிரைவலுவோடு நிறுத்திவிடும். வாங்கும் நாளில் கறுப்பும் கையில் கிடைத்ததா என்று கேளுங்கள்.