கசப்புக்குப் பின்னால் வரும் கொய்யா வாசம்

ஊரில் பியர் என்றால் லயன் லேகர். குளிர்ந்திருக்கும், நுரைக்கும், இலேசாக இனிக்கும், தொண்டையில் ஒன்றும் தங்காது. அதையே பியர் என்று பழகிய கல்முனைப் பக்கத்துப் பெரியநீலாவணைக்காரர் ஒருவர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ மெல்பேர்னிலோ முதன்முதலாக ஐ.பி.ஏ. என்ற வகைப் பியர் ஒன்றை வாங்கிக் குடித்தால் முகம் சுளிப்பார். பழுதாய்ப் போனதோ என்று ரின்னைத் திருப்பித் திகதி பார்ப்பார். பழுதாகவில்லை. அந்தக் கசப்பை ஆக்கியவர் வேண்டுமென்றே போட்டிருக்கிறார். எதற்காகப் போட்டார், அதற்குள் வேறு என்ன இருக்கிறது, எந்த வரிசையில் குடித்துப் பார்த்தால் பிடிபடும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மது தொடாத வீடுகளே நிறைந்தது எங்கள் கல்முனைக் கரை. அவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு.

கசப்பைக் கொடுப்பது ஹொப்ஸ் என்ற கொடியின் பூ. சுவரையும் கம்பியையும் பற்றி இருபது அடிக்கு மேல் ஏறும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பியருக்கு வேண்டியது பெண் கொடியின் பூ மட்டும். பச்சை நிறத்தில், செதில் செதிலாக, விரல் நுனியளவு இருக்கும். ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் செதில்களின் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். கையில் தேய்த்தால் பிசின் மாதிரிப் பிசுபிசுக்கும், வாசம் விரலை விட்டுப் போகாது. லூபுலின் என்ற அந்த மஞ்சள் தூளில்தான் எல்லாம் இருக்கிறது. கசப்பைத் தரும் ஆல்பா அமிலங்களும் அதற்குள், வாசத்தைத் தரும் எண்ணெய்களும் அதற்குள்.

இந்தக் கொடி நம் மண்ணில் சரிவரப் பூக்காது. வெப்பத்தை விடப் பெரிய தடை பகலின் நீளம். கல்முனைப் பக்கம் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் பெரும்பகுதி ஹொப்ஸ் விளையும் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாப் பள்ளத்தாக்கில் ஜூன் மாதப் பகல் கிட்டத்தட்ட 16 மணித்தியாலம். அப்படிப்பட்ட கோடை கிடைத்தால்தான் கொடி நன்றாக ஏறிப் பூக்கும். நுவரெலியாவில் 1881இல் தொடங்கிய பியர் ஆலை, பின்னாளில் பியகமவுக்குப் போன லயன் ஆலை, எதுவானாலும் இலங்கையில் பியர் ஆக்குகிறவர்களுக்கு ஹொப்ஸ் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

முதலில் பியருக்குள் பூவைப் போட்டது ருசிக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். பியரைப் புளிக்க வைத்துக் கெடுக்கும் பல பக்டீரியாக்களை ஹொப்ஸின் கசப்பு வளர விடாது. 12ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் துறவி ஹில்டெகார்ட், ஹொப்ஸ் பானங்களைக் கெடாமல் காக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். 1516இல் பவேரியா கொண்டுவந்த சட்டம், பியரில் பார்லியும் ஹொப்ஸும் தண்ணீரும் தவிர வேறெதுவும் கூடாது என்றது.

ஐ.பி.ஏ. என்ற பெயரும் இந்தக் காக்கும் வேலையோடு சேர்ந்ததுதான். அதன் விரிவு இந்தியா பேல் ஏல். லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில் ஹொட்ஜ்சன் குடும்பத்துக்கு ஒரு பியர் ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்கள் நின்ற துறை அதற்குப் பக்கத்திலேயே. கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணைக் கடனில் பீப்பாய்களைக் கொடுத்தார்கள். அவை நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தரம் கடந்து, மாதக்கணக்கில் வெக்கையில் ஆடி ஆடிக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்து சேர்ந்தன. ஹொப்ஸ் நிறையப் போட்ட வெளிர் நிறப் பியர் அந்தப் பயணத்தைத் தாங்கியது. இந்தியாவுக்கென்றே ஹொட்ஜ்சன் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று சொல்வது பழைய கதை. அப்படிக் கனமான, கசப்பு மிக்க பியரை இங்கிலாந்தில் ஏற்கனவே ஆக்கி நெடுநாள் வைத்துக் குடித்தார்கள்; கப்பலுக்கு அது பொருந்திப் போனது, அவ்வளவுதான். 1820களில் பேர்ட்டன் நகரத்து ஒல்சொப், பிறகு பாஸ் ஆகியோர் அந்த வியாபாரத்துக்குள் புகுந்து ஹொட்ஜ்சனை முந்தினார்கள். 1829இல் சிட்னிப் பத்திரிகை விளம்பரத்தில் கிழக்கிந்திய பேல் ஏல் என்ற பெயர் அச்சாகிவிட்டது.

இன்று கிடைக்கும் ஐ.பி.ஏ. பெயரில்தான் அந்தப் பழைய கப்பல் பியரின் பிள்ளை. குணத்தில் அமெரிக்காவில் பிறந்தது. 1972இல் அங்கே கஸ்கேட் என்ற புது ஹொப்ஸ் வகை வெளிவந்தது. பழைய ஐரோப்பிய வகைகளில் மண், புல், மிளகு வாசம் தூக்கும். கஸ்கேட்டில் தோடம்பழத் தோல் வாசம். சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975இல் லிபர்ட்டி ஏலிலும், சியரா நெவாடா ஆலை 1980 தொடக்கம் தன் பேல் ஏலிலும் அதைத் தாராளமாகப் போட்டன. பெரிய கம்பனிகள் எல்லாம் ஒரே மாதிரி மெலிந்த லேகர் விற்ற காலத்தில், தாங்கள் விரும்பியதைச் சிறிய அளவில் ஆக்கிய இப்படிப்பட்ட ஆலைகளின் பியரைத்தான் கிராஃப்ட் பியர் என்கிறோம். நமக்குக் கிட்டிய இடங்களில் ஒன்று பெங்களூர். இந்திராநகரின் டோயிட் என்ற கடை 2010 முதல் அங்கேயே ஆக்கிப் பரிமாறுகிறது.

இனி, ஆக்கும் விதம். பார்லி முளைத் தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றைக் கொதிக்க வைப்பார்கள். கொதி தொடங்கும்போது போட்ட ஹொப்ஸ் ஒரு மணித்தியாலம் வேகும். அதன் ஆல்பா அமிலம் உருமாறிச் சாற்றோடு கரைந்து கசப்பாகும், வாசம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைக்கும் நேரம் போட்ட பூ கசப்பைக் குறைவாகவும் வாசத்தை நிறையவும் தரும். கறி இறக்கும்போது கறிவேப்பிலை கிள்ளிப் போடுகிற அதே கணக்கு. அதற்கும் மேலே ஒரு படி உண்டு: புளித்து முடிந்த பியருக்குள், சூடே இல்லாமல், பூவை நாட்கணக்கில் ஊறப்போடுவது. இன்றைய ஐ.பி.ஏ.யின் வாசத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

முதல்தடவை குடிக்கிறவர் இந்த வாசத்தைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் என் முக்கியமான சொல். சிட்ரா, மொசெய்க் போன்ற புதிய வகைகள் போட்ட பியரைப் பற்றி மேற்கு நாட்டுக்காரர் எழுதும்போது ட்ரொபிக்கல் என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் அவர்கள் அடைத்து வைத்திருப்பது நம் வளவுப் பழங்களை. கொய்யாவிலும் கொடித்தோடையிலும் உள்ள அதே கந்தகச் சேர்மங்கள் இந்த ஹொப்ஸிலும் இருக்கின்றன. மாம்பழ வாசத்தில் பங்குள்ள மிர்சீன் என்ற எண்ணெய் ஹொப்ஸ் எண்ணெயில் ஏராளம். எடின்பரோக்காரர் கடையில் வாங்கித் தெரிந்துகொண்ட வாசத்தை நாம் கொய்யா மரத்தடியில் நின்று தெரிந்துகொண்டவர்கள். நாக்கு கசப்பில் திடுக்கிட்டு நிற்பதால் மூக்கு இதைத் தவறவிடுகிறது, அவ்வளவே.

கசப்பும் நமக்கு அந்நியமில்லை. மனித நாக்கில் கசப்பை உணர மட்டும் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் உண்டு. நஞ்சைத் துப்பிவிட உடம்பு செய்து வைத்த காவல் அது. ஆகவே எந்தப் புதுக் கசப்பும் முதலில் தள்ளப்படும். பாகற்காயைச் சிறு வயதில் ஒதுக்கிய பிள்ளை வளர்ந்தபின் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறது; சீனி போடாத பிளேன்டீயும் அப்படித்தான் பழகியது. ஒரு ரின்னை வைத்து ஐ.பி.ஏ.யைத் தீர்மானிக்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது? எடுத்த எடுப்பில், கசப்பும் மதுவும் கூடிய டபுள் ஐ.பி.ஏ. வேண்டாம். கசப்பை ஐ.பி.யூ. என்ற அலகில் சொல்வார்கள். சாதாரண லேகர் பெரும்பாலும் 20க்குள் நிற்கும். பேல் ஏல் 30 முதல் 50 வரை, ஐ.பி.ஏ. 40 முதல் 70 வரை, டபுள் அதற்கும் மேலே. பேல் ஏலில் தொடங்குவது நல்லது. அடுத்து கலங்கலாக இருக்கும் ஹேஸி ஐ.பி.ஏ. பழச்சாறு மாதிரி மஞ்சளாக, வாசம் தூக்கலாக, கசப்பு தணிந்து இருப்பதால் நம்மவருக்கு அதிகம் பிடிப்பது அதுவாகத்தான் இருக்கும். அது பழகிய பின் தெளிந்த வெஸ்ட் கோஸ்ட் வகை. ஸ்டவுட்டைக் குடித்துப் பழகியதால் ஐ.பி.ஏ.யும் சரிவரும் என்று எண்ண வேண்டாம். ஸ்டவுட்டில் கருக வறுத்த தானியத்தின் கசப்பும் கலந்திருக்கும், இது பூவின் கசப்பு.

ரின்னோடு குடித்தால் வாசம் ரின்னுக்குள்ளேயே நின்றுவிடும். கிளாஸில் ஊற்ற வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில நிமிடம் விட்டு, முதலில் மணந்து பார்த்து, பிறகு சிறு மிடறு. பொதி செய்த திகதியைப் பார்த்து வாங்க வேண்டும். ஹொப்ஸ் வாசம் நாள் போகப் போக வெளிறிவிடும், மூன்று மாதத்துக்குள் குடிப்பது நல்லது. பச்சைப் போத்தலிலோ வெள்ளைப் போத்தலிலோ வெயில் பட்டால் உள்ளே இருக்கும் ஹொப்ஸ் கசப்பு ஒளியில் உடைந்து நாற்றமெடுக்கும். மண்ணிறப் போத்தல் ஓரளவு காக்கும், ரின் முழுதாகக் காக்கும்.

சாப்பாட்டு விடயத்தில் ஒரு எச்சரிக்கை. உறைப்பான மீன் குழம்போடு ஐ.பி.ஏ. சேராது. கசப்பும் மதுவும் சேர்ந்து மிளகாய் எரிவைக் கூட்டிவிடும். குளிரக் குடித்தால் எரிவு அடங்கும் என்று மேலும் மேலும் குடிக்கத் தோன்றும். பொரித்த மீன், கணவாய்ப் பொரியல், கச்சான் இவற்றின் எண்ணெயையும் உப்பையும் கசப்பு நன்றாக வெட்டும்.

லயன் லேகரில் மதுவின் அளவு 4.8 வீதம். ஐ.பி.ஏ. சாதாரணமாக 6, 7 வீதம். டபுள் 8ஐத் தாண்டும். ஒரே அளவு ரின் என்று எண்ணிக்கை வைத்துக் குடித்தால் கணக்குப் பிழைக்கும். மோட்டார் சைக்கிள் சாவியை எடுப்பதாக இருந்தால் ஒரு மிடறும் வேண்டாம். குடியால் அழிந்த குடும்பங்களை நம் ஊர்கள் நிறையவே பார்த்திருக்கின்றன. ருசிக்காகக் குடிப்பவர் ஒரு கிளாஸோடு எழும்பலாம். அதற்கு மேல் நாக்கு மரத்துவிடும், வாசமும் தெரியாது. இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கவும் கூடாது, போயா நாளில் கடையும் பூட்டு.

மது தொடாதவர்களுக்கான செய்தி: ஹொப்ஸில் மது இல்லை. மது பிறப்பது தானியச் சாறு புளிக்கும்போது. பூ வெறும் பூ. சவூதியிலும் கட்டாரிலும் வேலை செய்து திரும்பிய மருதமுனை, சாய்ந்தமருதுக்காரர்கள் பார்பிக்கான், மூஸி குடித்திருப்பார்கள். அந்த மோல்ட் பானங்களின் பின்பக்கத்தை வாசித்தால் பார்லி மோல்ட்டுக்குப் பக்கத்தில் ஹொப்ஸ் இருக்கும். பழச்சுவை சேர்க்காத வகையின் கடைசியில் வரும் மெல்லிய கசப்பு அதுதான். இப்போது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஹொப்ஸை ஊறவைத்த சோடாத் தண்ணீர் வருகிறது: சீனியில்லை, தானியமில்லை, புளிப்பித்தல் இல்லை, வாசம் மட்டும். ஆனால் மதுவை ஆக்கிப் பிறகு நீக்கிய பியர் வேறு சங்கதி. அதில் 0.0 என்று போட்டிருப்பதும் 0.5 என்று போட்டிருப்பதும் ஒன்றல்ல. பல நாடுகளில் 0.5 வீதம் வரை இருந்தாலும் மதுவற்றது என்று விற்கலாம். எது ஆகும், எது ஆகாது என்பதை உலமாக்களிடம் கேட்க வேண்டும். கேட்கப் போகும்போது அந்த எண்ணையும், எப்படி ஆக்கினார்கள் என்று லேபலில் உள்ளதையும் சேர்த்துச் சொன்னால் பதில் தெளிவாகக் கிடைக்கும்.