சினிமாவுக்கு வரிச் சலுகை: லாபம் யாருக்கு?

திருத்தணி முருகனைத் தரிசிக்கப் போகிறவர்களுக்கு அந்த வட்டாரம் நன்றாகத் தெரியும். மலை ஏற 365 படிகள். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் காவடிக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு வரும். தமிழ்நாட்டில் இருந்து மட்டும் அல்ல, ஆந்திராவில் இருந்தும் வருவார்கள். "அரோகரா" என்று எல்லோரும் சேர்ந்து முழங்கும்போது தமிழர் யார், தெலுங்கர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

திருத்தணிக்குப் பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகை. ஆந்திர எல்லை இங்கிருந்து அதிக தூரம் இல்லை. தமிழும் தெலுங்கும் இரண்டுமே காதில் விழும் சீமை இது. சினிமா ரசனையும் அப்படித்தான். ஒரு வீட்டில் தகப்பனார் எம்.ஜி.ஆர். ரசிகராக இருப்பார், மாமனார் என்.டி.ராமராவ் ரசிகராக இருப்பார். அதனால் சம்பந்தம் ஒன்றும் முறிந்துவிடாது!

இந்த வட்டாரத்து மக்களுக்கு ஒரு விசித்திர அனுபவம் உண்டு. ஊரை விட்டு ஓர் அடிகூட நகராமலே ராஜ்யம் மாறியவர்கள் அவர்கள். 1953-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. அப்போது சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் எல்லைப் போராட்டம் நடத்தினார்கள். பலர் சிறை சென்றார்கள். முடிவில் 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி மீண்டும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது.

அந்த ஆண்டு மார்ச் 31-ந் தேதி இரவு இங்கே ஒருவர் சினிமா டிக்கெட் வாங்கியிருந்தால், அதன் வரி ஆந்திர சர்க்காருக்குப் போயிருக்கும். மறுநாள் வாங்கியிருந்தால் சென்னை சர்க்காருக்கு. படம் ஒன்றே. பெஞ்சும் ஒன்றே. வரி போகும் வழிதான் வேறு.

டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் இந்த வரிக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. அதைச் சர்க்கார் வாங்கிய கதை பாதி. விட்டுக் கொடுத்த கதை மீதிப் பாதி.

கள்ளுக்கடை மூடியது, டிக்கெட் விலை ஏறியது

சினிமா, நாடகம், சர்க்கஸ் இவற்றின் டிக்கெட் மீது போடுவது கேளிக்கை வரி. முதல் உலக யுத்தத்தின்போது, 1916-ல், பிரிட்டனில் இந்த வரியைப் போட்டார்கள். யுத்தச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பது காரணம். யுத்தம் முடிந்தது. வரி முடியவில்லை! 1922-ல் வங்காளத்துக்கு வந்தது. பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது.

சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் வந்தது 1939-ல். அப்போது ராஜாஜி பிரதம மந்திரி. 1937-ல் அவர் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியிருந்தார். கள்ளு, சாராய வருமானம் குறைந்தது. அதை ஈடு செய்ய வேறு வழி தேட வேண்டியிருந்தது. விற்பனை வரி வந்ததும் அதே 1939-ல்தான். குடிகாரர் கொடுத்த பணத்தை அதன்பின் சினிமா ரசிகரும் மளிகை வாங்கிய தாய்மாரும் கொடுத்தார்கள் என்று சொன்னால் அதிகம் தவறு இல்லை.

சிறிய ஊர்க் கொட்டகைகளுக்குத் தலைக்குத் தலை கணக்குப் பார்க்காமல், வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கட்டும் முறையும் இருந்தது. மணலில் உட்கார்ந்து படம் பார்க்கும் டூரிங் டாக்கீசில் யார் வந்தார்கள், யார் முள்வேலியில் நுழைந்தார்கள் என்று எந்த அதிகாரி கணக்கெடுக்க முடியும்?

வசூலான கேளிக்கை வரியில் பெரும் பங்கு பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் கொடுக்கப்பட்டு வந்தது. தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணீர் எல்லாவற்றிலும் சினிமாக் காசு கொஞ்சம் கலந்திருந்தது. இந்த விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோடம்பாக்கத்துக்கு வந்த போட்டி

ஒரு காலத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளுக்கும் சென்னையே பெரிய படத் தொழிற்சாலை. கோடம்பாக்கம், வடபழனி பக்கம் போனால் ஒரு தளத்தில் தெலுங்கு ராஜா சபை கூட்டுவார்; அடுத்த தளத்தில் தமிழ் மாமியார் மருமகளைத் திட்டுவார். தெலுங்கர்கள் இன்றும் கொண்டாடும் "பாதாள பைரவி" (1951), "மாயா பஜார்" (1957) இரண்டும் விஜயா, வாகினி முத்திரையோடு சென்னையில் உருவானவை.

ஒரு படம் எடுத்தால் நடிகர்கள் மட்டுமா பிழைக்கிறார்கள்? செட் போடும் தச்சர், லைட் தூக்குபவர், துணி தைப்பவர், ஒப்பனைக்காரர், கார் ஓட்டுபவர், சாப்பாடு கொண்டு வருபவர் என்று நூறு குடும்பங்களில் உலை கொதிக்கும்.

பக்கத்து ராஜ்யங்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? "எங்கள் மொழிப் படம்; எங்கள் ரசிகர் கொடுக்கும் காசு; கூலி மட்டும் சென்னைக்கா?" என்று கேட்டன. கேட்டதோடு நிற்கவில்லை. பணத்தைக் காட்டி அழைத்தன.

1960-களின் பிற்பகுதியில் மைசூர் ராஜ்யம், தன் எல்லைக்குள் எடுக்கப்படும் கன்னடப் படத்துக்கு 50,000 ரூபாய் மானியம் என்றது. அந்த நாளில் அது சின்னத் தொகை அல்ல. கேரளம் 1975-ல் சர்க்கார் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தியது. 1980-ல் திருவனந்தபுரத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோ வந்தது. ஆந்திர சர்க்காரும் தன் மண்ணில் எடுக்கும் படங்களுக்குச் சலுகை தந்தது. நாகேசுவரராவ் ஐதராபாத்துக்குக் குடி போனார். 1976-ல் அங்கே அன்னபூர்ணா ஸ்டூடியோ எழுந்தது. 1996-ல் ராமோஜி படநகரம் வந்தபோது, தமிழ்ப் பட முதலாளிகளே மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போனார்கள்!

சலுகை மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. மொழிவாரி ராஜ்யம் பிறந்த பிறகு எப்படியும் சில பறவைகள் கூடு திரும்பியிருக்கும். ஆனால் சலுகை, கூட்டின் கதவைத் திறந்து வைத்தது. நான்கு மொழிக்கு உழைத்த கோடம்பாக்கத் தொழிலாளிக்கு வேலை நாட்கள் குறைந்தன.

பெயருக்கு ஒரு பரிசு

தமிழ்நாட்டுச் சர்க்கார் என்ன செய்தது? சிறு முதலீட்டில் எடுக்கும் தரமான படங்களுக்கு 7 லட்சம் ரூபாய் வரை மானியம் கொடுத்தது. ஆனால் ஊர் முழுவதும் பேசப்பட்டது வேறு ஒரு சலுகை.

2004, 2005-ம் ஆண்டுகளில் ஆங்கிலப் பெயர் வைத்த தமிழ்ப் படங்களுக்கு எதிர்ப்புக் கிளம்பியது. 2006 ஜூலையில் முதலமைச்சர் கருணாநிதியின் சர்க்கார், தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி முழுவதும் விலக்கு என்று அறிவித்தது.

மறுநாளே பட முதலாளிகளுக்குத் தமிழ்ப் பற்று பொங்கியது! "ஜில்லுனு ஒரு காதல்" என்ற பெயர் "சில்லுனு ஒரு காதல்" ஆயிற்று. "சம்திங் சம்திங்" ஓடிப்போய் "உனக்கும் எனக்கும்" மட்டும் நின்றது. "ரோபோ" என்று பேசப்பட்ட படம் 2010-ல் "எந்திரன்" ஆக வந்தது. "எந்திரன்" என்ற சொல்லைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சரளமாகச் சொல்லத் தொடங்கியதும் உண்மை. அந்த அளவில் லாபமே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விலக்கு பெயருக்குத்தான், வேலைக்கு அல்ல. "எந்திரன்" படத்தின் ஒரு பாட்டைத் தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் மலை உச்சியில் எடுத்தார்கள். பெயர் தமிழ் என்றால் அதற்கும் விலக்கு உண்டு. கே.ஜி.கண்டிகை வயல் வரப்பிலேயே முழுப் படத்தையும் எடுத்து, உள்ளூர் ஆட்களுக்கே கூலி கொடுத்து, ஆங்கிலத்தில் பெயர் வைத்தால்? விலக்கு இல்லை! கன்னட நாடும் கேரளமும் "இங்கே வந்து எடு" என்று சலுகை கொடுத்தன. தமிழ்நாடு "இப்படிப் பெயர் வை" என்று கொடுத்தது. தச்சருக்கும் லைட்காரருக்கும் பெயர்ப் பலகையால் என்ன வரும்படி?

2011-ல் ஜெயலலிதா சர்க்கார் நிபந்தனைகளை இறுக்கியது. பெயர் தமிழாக இருந்தால் போதாது. தணிக்கைக் குழுவின் "யு" சான்றிதழ் வேண்டும். தமிழ் மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ற கதையாக இருக்க வேண்டும். வன்முறையும் ஆபாசமும் மிகுந்திருக்கக் கூடாது. இதை ஒரு குழு பார்த்துச் சொல்லும். யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று அதன்பின் அரசியல் சச்சரவு. 2016-ல் "கெத்து" என்ற படம் வந்தபோது, அந்தச் சொல் தமிழா, இல்லையா என்பதே உயர் நீதிமன்றத்தில் வழக்கு ஆயிற்று. தமிழ்ப் புலவர்கள் தீர்க்க வேண்டியதை வக்கீல்கள் வாதாடினார்கள்.

சரி, வரி விலகியதே, டிக்கெட் விலை குறைந்ததா? குடும்பத்தோடு படத்துக்குப் போனவர் அப்படி எதையும் உணரவில்லை. விலக்கின் பலன் ரசிகருக்கு வரவில்லை, விலக்குப் பெற்ற படத்துக்கும் பழைய விலையே வாங்குகிறார்கள் என்ற புகார் நீதிமன்றம் வரை சென்றது. பட முதலாளிகள் சொன்ன பதிலையும் கேட்க வேண்டும். "பத்துப் படத்தில் இரண்டு ஓடினால் அதிகம். திருட்டு சி.டி. பாதி வசூலைத் தின்கிறது. இந்தச் சலுகையும் இல்லாவிட்டால் எப்படி?" என்றார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடன் வாங்கிப் படம் எடுத்து வீட்டை இழந்தவர்கள் கோடம்பாக்கத்தில் பலர்.

இரண்டு வரி, நான்கு நாள் கதவடைப்பு

2017 ஜூலை 1-ந் தேதி நாடு முழுவதும் சரக்கு, சேவை வரி வந்தது. 100 ரூபாய் வரையுள்ள சினிமா டிக்கெட்டுக்கு 18 சதவீதம். அதற்கு மேல் 28 சதவீதம். ராஜ்ய சர்க்கார் தனியாகக் கேளிக்கை வரி போட முடியாது. ஊராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சிகள் மட்டுமே போடலாம் என்று அரசியல் சட்டமும் மாறியிருந்தது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 30 சதவீதம் என்று அறிவித்தார்கள். 28-ம் 30-ம் சேர்ந்தால் 58! ஜூலை 3-ந் தேதி சுமார் 1,000 தியேட்டர்கள் கதவை மூடின. நான்கு நாள் படம் இல்லை. பேச்சுவார்த்தை நடந்தது. பிறகு தமிழ்ப் புதுப் படத்துக்கு 10 சதவீதம் ஆகி, அக்டோபரில் 8 ஆக இறங்கியது. 2025-ல் 4 சதவீதம் ஆயிற்று. சரக்கு, சேவை வரியும் படிப்படியாகக் குறைந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு 5 சதவீதம் என்று ஆகியிருக்கிறது.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு இங்கேதான் வேலை. உள்ளாட்சிக் கேளிக்கை வரி 8-ல் இருந்து 4 ஆனால், குறைந்த அந்த 4 யாருடையது? ஊர்த் தெருவிளக்குக்குப் போக வேண்டியது. படத் தொழிலைக் காப்பாற்ற வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கோட்டையில் பட்டியல் போட்டு விட்டுக் கொடுப்பது, பெரும்பாலும் பஞ்சாயத்தின் பணம்.

அக்கரையில் நடந்தது

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை இன்னும் சுவாரசியம். 2014-ல் தெலங்கானா பிரிந்தது. ஐதராபாத் ஸ்டூடியோக்கள் எல்லாம் அதோடு போயின. அந்த நாளில் சென்னையிடமிருந்து படங்களை இழுத்த ஆந்திரா, இப்போது ஐதராபாத்திடமிருந்து இழுக்க வேண்டிய நிலை! திருத்தணிக்குப் பக்கத்து நகரித் தொகுதியில் 2014, 2019 இரண்டு தேர்தல்களிலும் ஜெயித்தவர் நடிகை ரோஜா என்பதும் இங்கே ஞாபகம் வருகிறது.

2021-ல் ஆந்திர சர்க்கார் டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு போட்டது. கிராமப் பஞ்சாயத்துக் கொட்டகையில் கடைசி வகுப்பு 5 ரூபாய்! டீ விலையைவிடக் குறைவு. படத் துறையினர் கூக்குரல் எழுப்பினார்கள். 2022 மார்ச்சில் விலையை ஏற்றிப் புது உத்தரவு வந்தது. அதில் ஒரு சாமர்த்தியம். நடிகர், டைரக்டர் சம்பளம் போக 100 கோடி ரூபாய்க்கு மேல் செலவான படம், முதல் 10 நாள் கூடுதல் விலைக்கு டிக்கெட் விற்கலாம். ஆனால் படப்பிடிப்பில் 20 சதவீதமாவது ஆந்திராவில் நடந்திருக்க வேண்டும்! சர்க்கார் கஜானாவில் காலணா குறையாது. பட முதலாளிக்கும் லாபம். கூடுதல் பணத்தை ரசிகர் கொடுத்துவிடுவார்.

உலகம் முழுவதும் இந்த ஏலம் நடக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்யம் 2008-ல், தன் எல்லைக்குள் செய்யும் படச் செலவில் 42 சதவீதம்வரை திருப்பித் தந்தது. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சர்க்காருக்குக் கட்டுப்படியாகவில்லை. 2015-ல் நிறுத்திவிட்டது. இந்திய சர்க்காரும் 2022-ல் வெளிநாட்டுப் படங்கள் இங்கே செய்யும் செலவில் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, 2023 நவம்பரில் அதை 40 ஆக உயர்த்தி, ஒரு படத்துக்கு 30 கோடி ரூபாய் வரை என்று அறிவித்தது. மிச்சிகன் பாடத்தை டில்லி படித்ததா என்பது போகப் போகத் தெரியும். ஆனாலும் இந்த முறையில் ஒரு நல்ல அம்சம் உண்டு: இங்கே செலவு செய்து, ரசீது காட்டினால்தான் பணம். தச்சர் கூலி வாங்கிய பிறகே பட முதலாளி சலுகை வாங்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு குடும்பம் திருத்தணிக்குப் படம் பார்க்கப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி சேர்க்காமல் டிக்கெட் 100 ரூபாய். தமிழ்ப் படம். சரக்கு, சேவை வரி 5 ரூபாயில் பாதி டில்லிக்கு, பாதி சென்னைக்கு. கேளிக்கை வரி 4 ரூபாய் திருத்தணி நகராட்சிக்கு. கண்டிகைப் பக்கத்துப் பஞ்சாயத்துக்கு அதில் ஒரு பைசாவும் கிடையாது. கொட்டகை அங்கே இல்லையே!

அதே குடும்பம் எல்லை தாண்டி நகரிக்குப் போய்த் தெலுங்குப் படம் பார்த்தால்? சென்னைக்குப் போக வேண்டிய இரண்டரை ரூபாய் ஆந்திர சர்க்காருக்குப் போகும், 1960 மார்ச் 31-ந் தேதி இரவு போனது போலவே.