தேயிலைச் சரிவுகளில் கேட்ட அழுகுரல்

எரியும் முட்புதரின் நடுவிலிருந்து மோசேயை அழைத்த ஆண்டவர், அவரை எகிப்துக்கு அனுப்புமுன் தம் உள்ளத்தை அவருக்குத் திறந்து காட்டுகிறார். தம் மக்கள் படும் துன்பத்தை அவர் காண்கிறார். அவர்களின் அழுகுரலைக் கேட்கிறார். அவர்களின் வேதனையை அறிகிறார். அவர்களை விடுவிக்க இறங்கி வருகிறார் (விடுதலைப் பயணம் 3:7-8). இந்த நான்கையும் சொன்ன பின்னரே மோசேயை அனுப்புகிறார். அனுப்பப்படுவதே மறைப்பணி. ஆகவே மறைப்பணியாளர் எவரும் காணவும், கேட்கவும், அறியவும், இறங்கி வரவும் கடமைப்பட்டவர்.

1926-ஆம் ஆண்டு திருத்தந்தை 11-ஆம் பயஸ் ஏற்படுத்திய மறைபரப்பு ஞாயிறை ஆண்டுதோறும் அக்டோபரில் கொண்டாடுகிறோம். அன்று காணிக்கை செலுத்தும்போது, தொலைதூரக் கண்டங்களின் காடுகளும் பாலைநிலங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். அக்கடலுக்கு அப்பால், அட்டன், நுவரெலியா மலைச்சரிவுகளில் நம் மொழி பேசும் மக்கள் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடையே நடந்த பணியை இந்த நான்கு சொற்களின் வழியே எண்ணிப் பார்ப்போம்.

காணுதல்

1820-களிலும் 30-களிலும் இலங்கையின் நடுமலை நாட்டில் காப்பித் தோட்டங்கள் தோன்றியபோது, திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டன. பஞ்சமும் சாதிக் கொடுமையும் ஒருபுறம் தள்ள, முன்பணம் மறுபுறம் இழுத்தது. மன்னாரில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே எண்ணற்றோரைப் பலிகொண்டன.

1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869-இல் காப்பிச் செடிகளை இலைநோய் தாக்கியது. காப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆட்கள் மிகுதியாகத் தேவை. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் ஒரு குடும்பத்தின் சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் நடந்தன. விடியுமுன் பிரட்டு, பிறகு மலை, அளவு குறைந்தால் 'அரைப் பேர்'. மேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம். கண் உள்ளவர் எவரும் இதைக் கண்டிருக்கலாம். ஆனால் கண்டவர் சிலரே.

கேட்டல்

மறைப்பணியாளர் பலர் தொடக்க காலத்திலேயே மலையேறினர். 1854-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையினர் தோட்டத் தமிழருக்கென ஓர் அமைப்பை நிறுவினர். அதன் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. நெல்லைச் சீமையிலிருந்து உபதேசியார்களும் அதில் பணியாற்றச் சென்றனர். கத்தோலிக்கத் திருச்சபையில் 1886-இல் கண்டி மறைமாவட்டம் உருவானது. புனித பெனடிக்டு சபையின் சில்வெஸ்திரின் துறவியர் அதன் மலைப் பகுதிகளில் திருப்பலி நிறைவேற்றி, பள்ளிகளை நடத்தி, நோயாளிகளைச் சந்தித்தனர். இன்று அட்டனில் திருச்சிலுவை ஆலயமும் நுவரெலியாவில் புனித சவேரியார் ஆலயமும் அந்த விதையின் பயனாய் நிற்கின்றன.

அவர்களின் தியாகத்தை நாம் மறக்கலாகாது. எனினும் அப்பணிக்கு ஓர் எல்லையும் இருந்தது. தோட்டம் தனியார் நிலம். துரையின் இசைவு பெற்றே வெளியார் உள்ளே நுழைய முடியும். அவ்வாறு நுழைந்த குருவானவர் ஆறுதல் சொல்லலாம், அருளடையாளம் வழங்கலாம். கூலி ஏன் குறைந்தது என்று கேட்பது எளிதன்று. அழுகுரல் காதில் விழுந்தும் அதற்குப் பதில் சொல்ல இயலாத நிலை அது.

அழுகுரலோ வளர்ந்துகொண்டே போனது. இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை எந்நாட்டுக் குடிமக்களும் அல்லாதவர்களாக்கியது. அடுத்து வாக்குரிமையும் பறிபோனது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை எண்ணிப் பிரித்தது: 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பிறகு பார்த்துக்கொள்வதற்கு. அம்மக்கள் என்ன விரும்புகிறார்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை அவர்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தனர். அண்ணன் வண்டிக்குள்ளும் தம்பி நடைமேடையிலும் நின்று பிரிந்த குடும்பங்கள் பல.

அறிதல்

1971-இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்போடு பிரிக்க முடியாதபடி இணைந்தது என்று கற்பித்தது. அடுத்த ஆண்டே கண்டியில் அதன் எதிரொலி கேட்டது. இயேசு சபைக் குரு பவுல் காஸ்பர்ஸ் அடிகளார் 1972-இல் 'சத்தியோதயம்' என்னும் மையத்தைத் தொடங்கினார். 'உண்மையின் விடியல்' என்பது அச்சொல்லின் பொருள். சமூக ஆய்வுக்கும் சந்திப்புக்குமான மையம் என்று அதற்குப் பெயரிட்டார். சிங்களர், தமிழர், பறங்கியர் எனப் பல இனத்தவரும் பல சமயத்தவரும் ஒன்றாக வாழ்ந்து பணியாற்றும் இல்லமாக அது விளங்கியது.

இங்கு 'ஆய்வு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இரக்கம் மட்டும் போதாது. துன்பத்தின் காரணத்தையும் அறிய வேண்டும் என்று அடிகளார் நம்பினார். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவ்விடைக்காலத்தில் உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியது. வயல் இல்லாத, வாக்கில்லாத தோட்ட மக்களை அது கொடிதாய்த் தாக்கியது. பசியால் மாண்டோர் பலர், தெருவில் கையேந்தியோர் பலர். 1974-இல், தோட்டப் பகுதிகளில் பணியாற்றும் குழுக்களை இணைக்கும் ஒருங்கிணைப்புச் செயலகம் உருவாவதற்கும் அடிகளார் துணைநின்றார். 1979-இல் இனங்களுக்கிடையே நீதியும் சமத்துவமும் வேண்டி எழுந்த இயக்கத்தின் முன்னணியிலும் அவர் இருந்தார்.

அக்காலத்தில் கண்டி ஆயராக இருந்தவர் மேதகு லியோ நாணயக்கார ஆண்டகை. 1972-இல் ஊவாப் பகுதிக்கெனப் பதுளை மறைமாவட்டம் புதிதாக உருவானபோது, பழைமையும் வசதியும் உள்ள கண்டியை விட்டு, சிறியதும் எளியதுமான பதுளையை அவர் தேர்ந்துகொண்டார். 1982-இல் இறக்கும் வரை அங்கேயே ஏழைகளின் ஆயராக வாழ்ந்தார்.

அன்புக்குரியோரே, ஆயர் லியோ சிங்களர். காஸ்பர்ஸ் அடிகளார் பறங்கியர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களில் மலையகத் தமிழரும் தாக்கப்பட்ட நாட்டில், அத்தமிழருக்காகக் குரல் கொடுத்த இவ்விருவரும் தமிழரல்லர். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதையில் குற்றுயிராய்க் கிடந்த மனிதனைத் தூக்கியவர் சமாரியர் என்று நம் ஆண்டவர் சொன்னார் (லூக்கா 10:25-37). அந்த உவமையை ஞாயிறுதோறும் கேட்டாலும் அதன் கூர்மை நம்மைத் தொடுவதில்லை. நம்மவருக்கு நாம் உதவுவது இயல்பு. எதிர்த்தரப்பு என்று உலகம் பிரித்து வைத்திருக்கும் இடத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து காயத்தைக் கட்டும்போதுதான் நற்செய்தி கண்ணுக்குத் தெரிகிறது.

இறங்கி வருதல்

மலையக மக்களில் பெரும்பாலோர் இந்து சமயத்தவர். தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் உண்டு. அவர்களிடையே நடந்த இப்பணி, ஆள் சேர்க்கும் நோக்கம் கொண்டதன்று. சமாரியரும் காயமுற்றவனிடம் அவன் எங்கே தொழுகிறான் என்று கேட்கவில்லை.

நீண்ட போராட்டத்துக்குப் பின் 1980-களில் தொடங்கிய சட்டத் திருத்தங்கள் 2003-இல் நிறைவுற்றன. அவ்வாண்டுச் சட்டம் எஞ்சிய இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கியது. தொழிற்சங்கங்கள், அரசியல் தலைவர்கள், பல சமயங்களின் நல்லுள்ளங்கள் அனைவரின் உழைப்பும் அதில் உண்டு. காஸ்பர்ஸ் அடிகளார் அதைக் கண்ணாரக் கண்டு, 2017-இல் இறைவனடி சேர்ந்தார்.

ஆயினும் பணி முடியவில்லை. நாட்கூலி 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023-இல் மலையக மக்கள் தங்கள் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியிலேயே நடந்தனர். இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் அந்நடைப் பயணத்தில் துணைநின்றது. அவர்கள் கேட்டது பிச்சையன்று. சொந்தமாய் ஒரு துண்டு நிலம், சொந்த வீடு, நேர்மையான ஊதியம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண் சரிந்தபோது, அக்கோரிக்கையின் பொருள் இன்னும் தெளிவாயிற்று. பாதுகாப்பான நிலம் இல்லாதவன் எங்கே ஓடுவான்? உழைத்தவரின் கூலி பிடிக்கப்பட்டால் அக்கூலியே ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடும் என்று திருத்தூதர் யாக்கோபு எச்சரிக்கிறார் (யாக்கோபு 5:4).

நாம் செய்யக்கூடியது என்ன? கடல் கடந்து செல்ல எல்லாராலும் இயலாது, செல்லவும் தேவையில்லை. ஒப்பந்தத்தின்படி வந்தவர்களுக்கு வேலை தரவே தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் அவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிறார்கள். அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்கள், இங்கே 'சிலோன்காரர்' என்று ஒதுக்கப்பட்டார்கள். பின்னாளில் போரினால் வந்து நம் மாநில முகாம்களில் தங்கியோருள்ளும் மலையக வழியினர் உண்டு. 1980-இல் அருட்தந்தை பேதுரு அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, முகாம்களில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்புகள் நடத்தி வந்துள்ளது. நம் பங்கிலும் தெருவிலும் அத்தகைய குடும்பம் ஒன்று இருக்கலாம். அவர்களின் கதையைக் கேட்பது, பிள்ளையின் படிப்புக்குத் துணைநிற்பது, அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து உடன் செல்வது ஆகியவையும் மறைப்பணியே.

நாளைக் காலை தேநீர் அருந்தும்போது, அக்கொழுந்தைப் பறித்த கைகளை ஒரு கணம் நினைப்போம்.

செபிப்போம்: ஏழைகளின் அழுகுரலைக் கேட்கும் ஆண்டவரே, கடல் கடந்து உழைக்கும் எம் சகோதர சகோதரிகளைக் கண்ணோக்கியருளும். அவர்களுக்கு நிலமும் நிழலும் நீதியும் தந்தருளும். எம் அருகே வாழும் அந்நியரைக் காணும் கண்களையும், அவரிடம் இறங்கிச் செல்லும் மனத்தையும் எமக்குத் தாரும். ஆமென்.